பஞ்சுப் பொதிகளால் ஒரு கூட்டல் குறி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆரிபா மதுரையில் எம்.ஃபில் முடித்தது கணக்கில், டோபாலஜி என்ற பிரிவில். பெண் பார்க்க வந்த பெரியவர் என்ன படிப்பு என்று கேட்க, அவள் அம்மா அப்ரோஸ் பேகம் அந்தப் பெயரைத் திணறாமல் சொன்னார். "தொப்பி யாவாரத்துக்கா இம்புட்டுப் படிப்பு?" என்றார் பெரியவர். சம்பந்தம் அத்தோடு நின்றது. கல்லூரி வேலையும் அமையவில்லை. 1993இல் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாகச் சேர்ந்தாள்.

அங்கே இருந்தது ஒரு கம்ப்யூட்டர், அதோடு இணைந்த இரண்டு டெர்மினல்கள். ஒன்றில் காளிராஜ் சரக்கு இருப்பைப் பதிவு செய்வான். மற்றதில் வெள்ளத்தாய் லாரிப் பட்டியலைப் போடுவாள். வாரத்தில் இரண்டு மூன்று தடவை இரண்டு திரையும் அப்படியே நின்றுவிடும்.

"அவ அவசரத்துல எதையோ அமுக்கிருதா, மேடம்" என்றான் காளிராஜ்.

"இவரு தொட்டாலே நின்னுபோவுது" என்றாள் வெள்ளத்தாய்.

ஆரிபா இரண்டு புரோகிராமையும் பிரித்துப் பார்த்தாள். காளிராஜுடையது முதலில் இருப்பு ஃபைலைப் பூட்டிக்கொண்டு, பிறகு பட்டியல் ஃபைலைக் கேட்டது. வெள்ளத்தாயுடையது பட்டியலைப் பூட்டிக்கொண்டு இருப்பைக் கேட்டது. ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டால், மற்றது கிடைக்கட்டும் என்று காத்து இரண்டும் நகராது.

முதலாளி வைகுண்டராஜுக்கு இதைக் காகிதத்தில் வரைந்து காட்டியும் விளங்கவில்லை. அதனால் குடோன் தரையில் சாக்பீஸால் பெரிய சதுரம் போட்டு, நடுவில் பஞ்சுப் பொதிகளைக் கூட்டல் குறியாக அடுக்கினாள். ஒரே ஃபைல் இருவர் கையிலும் இருக்க நேரும் இடங்கள் அவை; கால் வைக்கக் கூடாது. வாட்ச்மேன் ஐயாதுரையைத் தென்மேற்கு மூலையில் நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, காளிராஜ் சொன்னா கிழக்கே ஓரெட்டு. வெள்ளத்தாய் சொன்னா வடக்கே ஓரெட்டு. ஓரெட்டுன்னா அவங்க வேலையில ஒரு படி முடிஞ்சதுன்னு அர்த்தம். வடகிழக்கு மூலைக்குப் போய்ச் சேரணும். திரும்பி மட்டும் வரக்கூடாது."

"ஏன் வரக்கூடாது?"

"முடிஞ்ச வேலை முடிஞ்சதுதானே."

முதல் தடவை காளிராஜ் முந்திக்கொண்டு கத்த, ஐயாதுரை பொதிகளைத் தெற்கே சுற்றிப் போய்ச் சேர்ந்தார். அடுத்து வெள்ளத்தாய் முந்தினாள், வடக்கே சுற்றினார். மூன்றாவது தடவை இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். ஐயாதுரை கூட்டல் குறியின் இரண்டு கைகள் சேரும் கக்கத்தில் போய் மாட்டிக்கொண்டார். கிழக்கேயும் பொதி, வடக்கேயும் பொதி.

அந்நேரம் முதலாளி உள்ளே வந்தார். "ஏமய்யா ஐயாதுரை, அங்க என்ன நிக்கீரு? வெளிய வாரும்."

"வர முடியாது முதலாளி. முடிஞ்ச வேலை முடிஞ்சது."

ஆரிபா விளக்கினாள். "எப்படி எட்டு வச்சாலும் போற வழி ரெண்டுதான் சார். பொதிக்கு இந்தப் பக்கம், இல்ல அந்தப் பக்கம். இந்தக் கக்கத்துலதான் நம்ம கம்ப்யூட்டர் நிக்கிது."

"அப்பம் பொதியை எடுத்துருவோம்."

"எடுக்கக் கூடாது சார், இன்னும் போடணும்."

நான்கு கக்கங்களையும் பொதியால் அடைத்துச் சதுரமாக்கினாள். இருவரும் முதலில் இருப்பு ஃபைலையே கேட்டால் இப்படி ஆகும், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் எதையும் பிடிக்காமல் காத்திருப்பார் என்றாள். அதன் பிறகு யார் எப்படிக் கத்தினாலும் ஐயாதுரை மாட்டவில்லை. புரோகிராம் எழுதியவரை முதலாளி மதுரையிலிருந்து வரவழைத்து, ஃபைல்களைக் கேட்கும் வரிசையை அன்றே மாற்ற வைத்தார்.

இரண்டு மாதம் கம்ப்யூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை. காளிராஜும் வெள்ளத்தாயும் சேர்ந்து ஆரிபாவிடம் வந்தார்கள்.

"செத்த நேரம் டீ குடிக்க வழியில்ல மேடம். வாரத்துக்கு ஒருக்கா மட்டும் நிக்கிற மாதிரி..." என்று இழுத்தாள் வெள்ளத்தாய்.

ஆரிபா முதலாளியிடம் கேட்டு, பதினோரு மணிக்குக் கால்மணி நேரம் வாங்கித் தந்தாள். ஒருவர் திரும்பிய பிறகுதான் அடுத்தவர் போக வேண்டும் என்றார் அவர். வெள்ளத்தாயை முதலில் அனுப்பினாள். காளிராஜ் இரண்டு நாள் ஆரிபாவோடு பேசவில்லை.