மருந்து பிடிக்காத என் உடம்புக்கு அம்மன் அனுப்பிய காவல்

அம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களே, என் பெயர் கஸ்தூரி. எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்கிறேன். கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். வீட்டுக்காரர் தேசப்பன் விசைப்படகு ஓட்டுகிறார்.

போன வருடம் மறுபடியும் என் வயிறு வீங்க ஆரம்பித்தது. சினைப்பையில் வந்த புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, கீமோ ஏற்றி, முடி கொட்டி, திரும்ப முளைத்து, கூடை தூக்க ஆரம்பித்திருந்த நேரம். அதே மருந்தை மறுபடி ஏற்றினார்கள். வாந்தி வந்தது, வாய் புண்ணானது, ஆனால் கட்டி மட்டும் அசையவில்லை. ஸ்கேனில் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"நம்ம உடம்புக்குள்ள விஷம் போனா அதை முறிச்சு வெளிய தள்ள என்சைம்னு ஒண்ணு இருக்கும்மா. அது நல்லதுதான். ஆனா உங்க கட்டியில அது அளவுக்கு மீறி இருக்கு. நாங்க ஏத்துற மருந்தையும் விஷம்னு முறிச்சுத் தள்ளிடுது. அந்த என்சைமைத் தடுக்கிற மாத்திரை ஒண்ணு ஆராய்ச்சியில இருக்கு. அதைக் கொடுத்துட்டு பழைய மருந்தையே ஏத்திப் பார்க்கலாம்."

"கொணமாயிடுமாம்மா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உறுதி சொல்ல மாட்டேன். உடம்போட நல்ல பாகத்துக்கும் அந்தப் பாதுகாப்பு குறையும். ரத்த அணுக்கள் ரொம்ப இறங்கலாம். யோசிச்சு சொல்லுங்க. வேணாம்னாலும் நாங்க உங்களைக் கைவிட மாட்டோம்."

வெளியே வந்ததும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒடம்புல கீற விஷத்தக் கழுவணும்னுதான் அல்லாரும் சொல்றாங்கோ. இவங்க இன்னாடான்னா கழுவறத நிறுத்தறேன்றாங்க. வோணாம் கஸ்தூரி. பயமா கீது."

"எனக்கும் பயமாத்தான்யா கீது. சும்மா வூட்ல குந்திகினு இருந்தா கட்டி நின்னுடுமா?"

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் குப்பத்து அம்மன் கோயிலுக்குப் போனேன். எவ்வளவோ வேண்ட நினைத்தேன். வாயில் வந்தது ஒன்றுதான். "தாயே, என் ஒடம்புல கீற காவல எடுக்கப் போறாங்கோ. அந்த எடத்துல நீ வந்து நில்லு." அழுதேன். மனசு லேசானது. திங்கட்கிழமை போய்ச் சம்மதம் சொன்னேன்.

மாத்திரையும் மருந்தும் சேர்ந்து என்னைப் புரட்டிப் போட்டுவிட்டன. இரண்டாவது முறை ஏற்றிய பிறகு பல் ஈறில் ரத்தம் கசிந்தது. கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அடியோடு இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். ஏற்ற ஏற்ற மறுபடி இறங்கியது. தினமும் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், ரத்த வங்கியில் போதுமான இருப்பு இல்லை என்றார்கள். வீட்டுக்காரர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். என் அண்ணனுக்குச் சர்க்கரை. அவர் ரத்தம் ஆகாது என்றுவிட்டார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். "தாயே, நிக்கிறியா, இல்லியா?" என்று மட்டும் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

மறுநாள் காலை வார்டு வாசலில் ஒரே சத்தம். சிஸ்டர் யாரையோ அதட்டுகிறார். பார்த்தால் எங்கள் குப்பத்து ஆம்பளைகள்! முன்னால் ஏகாம்பரம், என் வீட்டுக்காரரோடு ஒரே படகில் போகிறவர்.

"இன்னா ஏகாம்பரம், இத்தினி பேரு?" என்றேன்.

"தடைக்காலம் தங்கச்சி. கடலுக்குப் போவ முடியாது. அல்லாரும் கரையிலதான் கீறோம். யார் ரத்தம் சேருதோ எடுத்துக்கட்டும்."

மீன் பிடிக்கத் தடை போடும் அந்த மாதங்களை நாங்கள் சபிக்காத வருடம் இல்லை. அடுப்பு எரியாத காலம் அது. மற்ற மாதமாக இருந்தால் இத்தனை பேரும் நடுக்கடலில் இருந்திருப்பார்கள். என் அம்மன் அவர்களைக் கரையில் நிறுத்தி வைத்திருந்தாள். அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் படுப்பார். ரத்தம் சேராதவர்கள்கூட வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். மெல்ல மெல்ல ஈறில் கசிவு நின்றது. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் குறைத்து மருந்தைத் தொடர்ந்தார்.

அடுத்த ஸ்கேன் வந்தது. டாக்டரம்மா படத்தை இரண்டு முறை பார்த்தார். "கட்டி பாதிக்கு மேல சுருங்கியிருக்கும்மா. மருந்து இப்ப உள்ள நிக்குது." தேசப்பன் அந்த அறையிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நோய் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் மருந்து நடக்கிறது. இதே மாத்திரை எல்லோருக்கும் கேட்கும் என்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆடியில் என் கையால் கூழ் காய்ச்சி அம்மனுக்குப் படைத்தேன். ரத்தம் கொடுத்தவர்கள் வரிசையாக வந்து குடித்தார்கள். இப்போது வேறு யாருக்காவது ரத்தம் தேவை என்றால் ஏகாம்பரத்துக்கு நான்தான் போன் போடுகிறேன்.

சொந்தங்களே, சாமியைக் கும்பிட்டுவிட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். மருந்து சாப்பிடுகிறோமே என்று சாமியையும் விட்டுவிடாதீர்கள். பயமாக இருந்தால் பயம் என்றே அவளிடம் சொல்லுங்கள். கோபம் வந்தால் கோபமாகவே கேளுங்கள். என்னிடம் அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆள் அனுப்பினாள்.