அக்கா மாற்றிக்கொண்டே இருந்த சைக்கிள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அக்காவைச் சைக்கிளோடு சேர்த்துத்தான் பார்த்திருப்பீர்கள். அதனால் தம்பியாகிய நான் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது குரோம்பேட்டையில். அப்பா காலமானபோது நான் பள்ளி மாணவன். அக்காதான் டியூஷன் எடுத்து என்னைப் படிக்கவைத்தார். பிறகு சேலையூரில் கணித ஆசிரியையாகச் சேர்ந்தார். அப்பா ஓட்டிய பழைய சீமைச் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போவார். நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிள் அது. திருமணத்துக்குப் பிறகு அத்தான் ஸ்கூட்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியும் மறுத்துவிட்டார்.

முதலில் இடது கால் பெடலிலிருந்து நழுவியது. பெடல் தேய்ந்துவிட்டது என்று புதிது போட்டார். அதிலும் நழுவியது. ஒருநாள் பாருக்கு மேல் காலைத் தூக்க முடியாமல் பள்ளி வாசலிலேயே விழுந்தார். அந்த வாரமே சானடோரியம் பக்கத்து வெல்டிங் பட்டறையில் பாரை அறுத்துத் தாழ்வாக வைத்துக்கொண்டார்.

நரம்பு மருத்துவர் வேறு காரணம் சொன்னார். கை கால் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். தடுத்து நிறுத்த மருந்தில்லை. ஆட்டோவில் திரும்பும்போது அத்தான் அழுதுகொண்டே வந்தார். அக்கா, "கை எப்ப போகும்னு டாக்டர் சொல்லலியே" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறே இரண்டு பிரேக்கையும் வலக்கைப் பிடிக்கு மாற்றச் சொன்னார். இடக்கை அப்போது நன்றாகத்தான் இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கையால் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு அக்கா என்னைப் பட்டறைக்குப் போகச் சொன்னாலே, அடுத்து எது செயலிழக்குமோ என்று நாளைக் கடத்தப் பார்ப்பேன். பின்னால் இரண்டு சக்கரங்கள் வந்தன. சீட்டை எடுத்துவிட்டு முதுகு சாய நாற்காலி வந்தது. தானே மிதித்து மார்க்கெட் போய்வந்த ஒரு காலையில், "பின்னாடி இருந்து தள்ற மாதிரி ஒரு கைப்பிடி வைக்கணும்டா" என்றார். அது பொருத்தி முடிந்ததும், "தலைக்கு ரெண்டு பக்கமும் திண்டு வைக்கச் சொல்லு" என்றார்.

"தலைக்கு என்ன அக்கா? நல்லாத்தானே இருக்கே?"

"இப்ப நல்லா இருக்கேன். அப்புறம் அளவெடுக்க என்னால நிமிர்ந்து உட்கார முடியாது. எங்க உறுத்துதுன்னு சொல்லவும் முடியாது."

ஒருநாளும் குரல் உயர்த்தாத அத்தான் அன்று கத்தினார்: "போதும் நிறுத்து! நீ ஒவ்வொண்ணா செய்யச் செய்யத்தான் அது வருது!"

அக்கா கோபப்படவில்லை. "செய்யலைன்னா வராதாங்க?" என்று கேட்டார்.

அத்தான் மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் லீவு போட்டு, அவரே வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அக்கா சொன்ன வரிசையிலேயே எல்லாம் வந்தது. கழுத்து சாய்ந்தது, பிறகு பேச்சு நின்றது. போகியன்று தெருவெல்லாம் புகை. ஜன்னல்களை அடைத்தும் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. மாட்டுப் பொங்கல் மாலை சற்றுத் தெளிந்து, கண்ணால் வாசலைக் காட்டினார். அத்தான் வண்டியில் உட்காரவைத்துத் தெருக்கோடி வரை தள்ளிச் சென்றார். அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனார். மறுநாள் காலை, காபி வைக்கும் நேரத்தில், மூச்சு அடங்கியது.

மழைநீர் தேங்கிய நாட்களில் வண்டியோடு அக்காவைத் தூக்கிக் கரைசேர்த்த எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், வீடு தேடிவந்து பார்த்த மருத்துவருக்கும், கேட்டபோதெல்லாம் சுணங்காமல் செய்துகொடுத்த பட்டறைக்காரருக்கும், உடன் பணியாற்றிய ஆசிரியைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அத்தானுக்கு நன்றி என்று எழுதினால் அவர் வருத்தப்படுவார். அத்தான், நீங்கள் இன்னமும் இரவுச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுகிறீர்கள். இன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் உங்களுக்குச் சாப்பாடு. மறுக்கக் கூடாது.