மலையை இரண்டு சுற்று வந்த வண்டி

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினேன். திருவண்ணாமலைக்கு இருபது கிலோமீட்டர்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அதனால் கூட்டம் ஜாஸ்தி. பையில் இரண்டு படி வேர்க்கடலை இருந்தது. அதோடு என் மகன் சேகர் சொல்லியனுப்பிய சேதி ஒன்றும் இருந்தது. கடலை கனக்கவில்லை.

என் மகள் கலா ஜவ்வாது மலையில் நர்ஸ். பஸ் போகாத ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற வேலை. அந்த மண் ரோட்டில் ஸ்கூட்டர் ஏறாது என்று, மேடு பள்ளம் எல்லாம் தாண்டுகிற உயரமான மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கினாள். அது போன மாதம் இரண்டு தடவை காட்டு வழியில் நின்றுபோனது. வண்டியை விற்றுவிட்டு, மலை வேலையையும் விட்டுவிட்டு வரச் சொல்லு என்பதுதான் சேகரின் சேதி. அவனையும் குறை சொல்ல முடியாது. தங்கச்சி காட்டில் தனியாக நின்றால் எந்த அண்ணனுக்குத் தூக்கம் வரும்?

பஸ் ஸ்டாண்டிலிருந்து அடி அண்ணாமலைக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய்.

"மலை சுத்தவாம்மா?" என்றார் டிரைவர்.

"இல்லப்பா, பொண்ணு வூட்டுக்கு."

"அப்ப பாதி சுத்துதான். புண்ணியமும் பாதிதான் வரும்."

ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள் கலா. வண்டியின் சீட்டு ஒரு பக்கம், பெட்ரோல் டேங்க் ஒரு பக்கம். கார்புரேட்டரைப் பிரித்து அதன் சாமான்களை இட்லித் தட்டில் வைத்திருந்தாள். கழற்றிய வரிசையில் குழிக்கு ஒன்று. இனி அந்தத் தட்டில் மாவு ஊற்ற முடியாதே என்று எனக்கு முதலில் அந்தக் கவலைதான் வந்தது.

பிளக் மாற்றியாயிற்று. பெட்ரோல் டியூப் புதுசு. காற்று வடிகட்டியையும் கழுவி எண்ணெய் பூசிவிட்டாள். ஆனாலும் வியாதி போகவில்லை. வாசலில் நிறுத்தி உதைத்தால் நன்றாக ஓடுகிறது. கொஞ்ச தூரம் போனால் இருமி இருமி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டு உதைத்தால் மறுபடி கிளம்புகிறது. மெக்கானிக்கிடம் கேட்டதற்குப் பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றாராம்.

மத்தியானம் சோறு போடும்போது சேதியைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணன் இன்னா சொல்லி அனுப்பிச்சுதுன்னு தெரியும்மா. நாளைக்கு நீ பின்னாடி ஒக்காரு, மலைய ஒரு சுத்து வருவோம். நிக்காம வந்துட்டா திங்கக்கெழம நான் மேல போறேன். நின்னுடுச்சுன்னா வண்டிய வித்துடறேன், வேலையும் வாணாம்."

ஞாயிறு காலை ஏழு மணி. வீட்டுக்காரம்மா ராணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குப் பொட்டு வைப்பது அவர்தானாம். அன்று தூரம் போகிறோம் என்று, டேங்க் மூடியின் நடுவில் தாராளமாக ஒரு அப்பு அப்பி மேலே குங்குமமும் வைத்தார். எல்லோரும் கும்பிட்டோம்.

வண்டியில் ஏற எனக்கு ஒரு கல் தேவைப்பட்டது. இந்த வயதில் ஹெல்மெட் போட்டு இத்தனை உயரத்தில் உட்கார வெட்கமாக இருந்தது. முகம் தெரியாது என்பதுதான் ஆறுதல். மலை வலது கையில் வரக் கிளம்பினோம். வாயு லிங்கம் தாண்டினோம். குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமியது. நின்றது.

கலா இறங்கினாள். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தாள். 'உஸ்' என்று ஒரு சத்தம். டேங்க் காற்றை உள்ளே உறிஞ்சிய சத்தம்.

"கேட்டியாம்மா?" என்றாள். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காற்று போக அதில் ஒரு ஊசித் துளை உண்டாம். காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அந்தத் துளை இருந்த இடத்தில் எத்தனையோ வெள்ளிக்கிழமைச் சந்தனம் கல்லாக இறுகிக் கிடந்தது. என் வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தேன். குத்தித் துடைத்து, ஊதிப் பார்த்தாள். உதைத்தாள். வண்டி பிடித்துக்கொண்டது.

ஆனால் அவள் ஏறவில்லை. "நின்னுடுச்சேம்மா," என்றாள். சொன்ன சொல்லில் பிடிவாதம், அவள் அப்பா மாதிரி.

எனக்கு எங்கிருந்து பேச்சு வந்ததோ தெரியவில்லை. "மூச்சு முட்டிச்சு. அது நின்னதுல சேத்தியா? மொதல்லேர்ந்து போலாம், ஏறு," என்றேன்.

முதலிலிருந்து என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வந்த வழியே திரும்பினால் மலையை இடமாகச் சுற்றினதாகிவிடும், அது ஆகாது. ஆகவே பாக்கிச் சுற்றை முடித்துக்கொண்டு, அங்கிருந்து புதிதாகப் பதினான்கு கிலோமீட்டர் போவது என்று முடிவானது.

ஈசான்ய லிங்கம், டவுன் நெரிசல், செங்கம் ரோட்டில் காபி குடிக்கிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் கடந்தன. வண்டி நிற்கவில்லை. வாசலில் ராணி அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம். "எங்கடி போறீங்க?" என்று பின்னால் குரல் கேட்டது. இரண்டாம் தடவை குபேர லிங்கம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது பின்னால் போயிருந்தது.

திரும்பி வந்து இறங்கினதும் ராணி அம்மா கிண்ணத்தை எடுத்தார். கலாவுக்குச் சொல்லத் தயக்கம். நான்தான் முன்விளக்கைக் காட்டினேன். "இதாங்க நெத்தி. அந்த மூடி மூக்குங்க."

அவர் குனிந்து மூடியைப் பார்த்தார். பிறகு, "அடப்பாவமே, இத்தினி நாளும் மூக்கையா அடச்சிருந்தேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

திங்கள் காலை கலா போளூர் ரோட்டில் கிளம்பினாள். ஊக்கு அவள் சாவிக்கொத்தில் தொங்கியது. நான் பஸ் ஏறினேன். அந்த இருபது கிலோமீட்டருக்குள் கை காட்டின இடமெல்லாம் பஸ் நின்றது. அதை விற்றுவிடு என்று யாரும் சொல்லவில்லை.

சேகர் ஸ்டாப்பிங்கிலேயே காத்திருந்தான். பையை வாங்கிக்கொண்டு, "சொல்லிட்டியாம்மா?" என்றான்.

"வண்டி நிக்கலடா," என்றேன்.