கடை வயது

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை. காலைக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். கொழும்பு.

பேசியவர் ஒரு பொலிஸ்காரர். சிங்களத்தில் கேட்டார் – தர்ஷன் என்று யாரையாவது தெரியுமா?

தெரியும். என் கணவரின் தம்பி.

வயது என்ன?

"பதினெட்டு" என்றேன்.

கொஞ்சமும் தயங்கவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை.

தர்ஷனுக்குப் பதினைந்து வயது. பதினாறு ஆக இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் வாசிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். முப்பத்தொரு பிள்ளைகள். எல்லாருடைய பிறந்த திகதியும், எடையும், உயரமும் என் பதிவேட்டில் இருக்கின்றன. ஒரு திகதியைத் தவறாக எழுதிவிட்டேனோ என்று வீட்டுக்குப் போன பிறகு திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை.

அப்படிப்பட்ட நான் ஏன் பதினெட்டு என்றேன்?

ஏனென்றால் மூன்று மாதங்களுக்கு முன்பு, இன்னொரு போனில், இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லியிருந்தேன். பத்தாம் வகுப்போடு தர்ஷன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். கொழும்பில் போன் திருத்துகிற கடை ஒன்றில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். வீட்டில் படித்தவள் நான். அதனால் முதலாளியிடம் பேசியதும் நான். "பதினெட்டு ஆச்சாம்மா? சின்னப் புள்ளைங்கள வச்சா எங்களுக்குத்தான் கரைச்சல்" என்றார் அவர். என் மாமி – மாமியாரைத்தான் சொல்கிறேன் – எனக்கு எதிரில் நின்று முதலில் பத்து விரல் காட்டினார். அப்புறம் எட்டு விரல்.

வேலை கிடைத்தது. பிறந்த வருடம் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தர்ஷனுக்குப் பாடமாக்கிக் கொடுத்ததும் நான்தான். பஸ் ஏறும் வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது அந்தக் கடையில் திருட்டு போன்கள் இருந்தனவாம். பொலிஸ் போனபோது கடையில் இருந்தது தர்ஷன் மட்டும். முதலாளி இல்லை. அந்த மாதிரி நேரங்களில் முதலாளிமார் இருப்பதில்லை.

அவனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குள் லைன் துண்டிக்கப்பட்டுவிட்டது. திரும்ப எடுத்தேன். எங்கேஜ்.

என் கணவர் கட்டாரில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் ஒன்பது வொய்ஸ் மெசேஜ் அனுப்பினார். முதல் ஐந்தில் என்னைப் பயப்பட வேண்டாம் என்றார். மிச்ச நான்கில் அழுதார்.

மாமி அழவில்லை. "லயத்துல யாரும் கேட்டா அவனுக்கு டெங்குன்னு சொல்லிரு" என்றார். லயத்தில் நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே அறை அறையாக, காம்பரா காம்பராவாக ஒட்டியிருக்கிறோம்.

மறுநாள் காலை மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஹட்டனில் பஸ் ஏறினேன். பிள்ளைக்கு லேசாக இருமல். விட்டுவிட்டுப் போகலாமா? மாமி கொழுந்தெடுக்க மலைக்குப் போக வேண்டும். கூட்டிக்கொண்டு போகலாமா? கொழும்பு வெயில் ஒத்துக்கொள்ளுமா? யோசித்து முடிப்பதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார்.

"பாப்பாவுக்கு எத்தன வயசு?"

மூன்று முடிந்து இரண்டு மாதம். மூன்று முடிந்தால் அரை டிக்கெட் எடுக்க வேண்டும். "ரெண்டரை" என்றேன்.

கொழும்பில் அந்தப் பொலிஸ் நிலையத்தைக் கண்டுபிடிக்கவே மத்தியானமாகிவிட்டது. கோர்ட்டுக்குக் கொண்டுபோயாயிற்று, ரிமாண்டில் போட்டாயிற்று என்றார்கள். எங்கே? ரிமாண்டில். எந்த இடத்தில்? ரிமாண்டில்தான் என்று சொன்னேனே தங்கச்சி... என்னவோ ரிமாண்ட் என்பது ஒரு ஊர் மாதிரியும், பஸ் ஏறிப் போர்டைப் பார்த்து இறங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரியும்.

பதினெட்டு வயதுக்காரரைத் தேடுகிறவர் எங்கே போவார்? பெரியவர்களின் சிறைக்குப் போனேன். வரிசையில் நின்றேன். காவலர் பட்டியலைப் புரட்டினார். இல்லை. அன்றைக்குத் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் விடிந்ததும் இன்னொரு சிறை. இன்னொரு வரிசை. அங்கேயும் இல்லை.

ஒரு ஆள் எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? இரண்டு மூன்று அர்த்தங்கள் தோன்றின. ஒன்றையும் முழுதாக யோசிக்கவில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அந்தச் சிறைக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டிக்கடை. உள்ளே போகிறவர்களின் போனையும் பையையும் வாங்கி வைத்துக்கொண்டு துண்டுச்சீட்டு கொடுப்பார்கள். என் போனைத் திருப்பி வாங்கப் போனேன். கடையில் இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, ஆள் இல்லியா?"

"லிஸ்ட்ல பேரு இல்லங்க அக்கா."

"எத்தன வயசு?"

"பதினெட்டு."

"எங்கேருந்து வர்றீங்க?"

"கொட்டகலைங்க."

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "உண்மை வயசா, கடை வயசா?"

நான் பிள்ளையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"மலைநாட்டுலேருந்து இங்க வேலைக்கு வர்ற புள்ளைங்க எல்லாத்துக்கும் ரெண்டு வயசும்மா. நீங்க கடை வயச வச்சிக்கிட்டு இங்க வந்து தேடுறீங்க. புள்ள உண்மை வயசோட வேற எங்கயாச்சும் இருக்கும். பதினெட்டுக்குக் கீழன்னா இந்த கேட்டுக்குள்ள விட மாட்டாங்க. கோர்ட்டுக்குப் போயி, சின்னப் புள்ளைங்க கேஸ் பாக்குற நன்னடத்தை மிஸ் யாருன்னு கேளுங்க. போங்க, ரெண்டு மணிக்கு மேல அவங்க இருக்க மாட்டாங்க."

பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் போனவள் நான். இரண்டு நாளாக இது எனக்குத் தோன்றவில்லை.

நன்னடத்தை உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். மேசை நிறைய ஃபைல்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் பெடியன்ர ஆர்?"

"அண்ணிங்க மிஸ்."

"கோர்ட்டில அவன் தனக்குப் பதினைஞ்சு எண்டு சொல்லியிருக்கிறான். பொலிஸ் புத்தகத்தில வீட்டுக்காரர் பதினெட்டு எண்டு சொன்னதா எழுதிக்கிடக்கு. ஆர் அந்த வீட்டுக்காரர்?"

அந்த நேரத்தில் எனக்கு மூன்று பொய்கள் தோன்றின. சிங்களம் சரியாக விளங்கவில்லை என்று சொல்லலாம். லைன் கிளியர் இல்லை என்று சொல்லலாம். போனை எடுத்தது நான் இல்லை என்றே சொல்லலாம். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. பிள்ளை மடியில் இருமிக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க மிஸ்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வேல கெடைக்கணும்னு முதல்ல அப்பிடிச் சொல்லிட்டோம். அப்புறம் அதையே..."

அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நிலைமையைச் சொன்னார். இப்போதைக்கு அவன் சொன்ன வயதை வைத்துச் சிறுவர் தடுப்பு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமை வழக்கு. "பிறப்புச் சான்றிதழின்ர ஒரிஜினலும் வேணும், தாயும் வரவேணும். வராட்டில் டொக்டரிட்ட அனுப்பி எலும்பைப் படம்பிடிச்சு வயது பாப்பினம். பெடியன் நல்ல உயரம். டொக்டர் பதினெட்டு எண்டு எழுதினார் எண்டால் பெரிய ஆக்களோட கொண்டுபோய்ப் போட்டிடுவினம். விளங்குதோ?"

விளங்கியது. நான் காலையில் வரிசையில் நின்ற அந்த கேட் ஞாபகம் வந்தது.

சந்திக்கத் தாய்க்கு மட்டும்தான் அனுமதி. ஆனால் அவரே இல்லத்துக்குப் போன் எடுத்து, யாருடனோ பேசி, ரிசீவரை என்னிடம் நீட்டினார். "ரெண்டு நிமிசம்."

"அண்ணி?"

ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் வந்து, இரண்டு நாள் அலைந்து, கிடைத்த இரண்டு நிமிடத்தில் நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணி. இங்க பருப்பு நம்ம வீட்டு மாதிரியேதான். தண்ணி."

"அடிச்சாங்களாடா?"

"இங்க இல்ல."

அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை.

"பாப்பா இருமுற சத்தம் கேக்குது. அவளையும் தூக்கிட்டா வந்தீங்க? மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நான் பதினஞ்சுன்னு சொல்லிட்டேன். நீங்க சொல்லிக் குடுத்த வருசம் மறந்து போச்சு. ஜட்ஜ் ஐயா நேரா மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு... வாயில வேற ஒண்ணும் வரல."

"பரவாயில்ல" என்றேன்.

எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். உண்மையைச் சொன்னதற்காக அவனை மன்னித்துவிட்டேன்.

பிறப்புச் சான்றிதழ் மாமியின் பிஸ்கட் டின்னில் இருந்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் திகதி தெரிந்தது. "நான் பெத்த புள்ள எப்ப பொறந்தான்னு எனக்கே பேப்பர் காட்டணுமாக்கும்" என்று முணுமுணுத்தபடி மாமி அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். புதன்கிழமை வரை அவிழ்க்கவில்லை. அதற்குள் லயம் முழுக்க டெங்குச் செய்தி பரவியிருந்தது. பக்கத்துக் காம்பராக்காரர், டெங்குக்கு நல்லது என்று, பப்பாசி இலைக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

புதன்கிழமை கோர்ட்டில் தர்ஷனைப் பார்த்தோம். முடி வெட்டியிருந்தார்கள். மாமி சுட்டு எடுத்துக்கொண்டு போன நான்கு ரொட்டியையும் உள்ளே விடவில்லை. வெளியே ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு வந்தோம்.

நீதவான் மொழிபெயர்ப்பாளர் வழியாக மாமியிடம் கேட்டார் – மகனுக்கு என்ன வயது?

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளும் நான் சொல்வதைத்தானே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்? இல்லை, அவர் விரல் காட்டியதைத்தானே நான் சொல்லிக்கொண்டிருந்தேன்? எது முதலில் என்று இப்போதுகூடத் தெளிவாகத் தெரியவில்லை.

நான் கையை உயர்த்தவில்லை. அது கோர்ட். ஆனால் பிள்ளையின் முதுகில் வைத்திருந்த கையை எடுத்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

"பதினஞ்சுங்க ஐயா" என்றார் மாமி. முடிச்சை அவிழ்த்துப் பேப்பரை நீட்டினார்.

தாயின் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கு முடியவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் போக வேண்டும். பொலிஸ் முதலாளியைத் தேடிக்கொண்டிருக்கிறது. அவர் எந்தப் பட்டியலிலும் இல்லையாம்.

ரொட்டி பெஞ்சிலேயே இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியிலேயே தர்ஷன் நான்கையும் சாப்பிட்டு முடித்தான்.

ஹட்டன் பஸ்ஸில் பிள்ளை அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் வந்தார். "பாப்பாவுக்கு எத்தன?"

"ரெண்டரை" என்றார் மாமி.

"மூணு" என்றான் தர்ஷன். "மூணு முடிஞ்சி ரெண்டு மாசம்."

கண்டக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அரை டிக்கெட் எடுத்தேன். கினிகத்தேனை ஊரைத் தாண்டும் வரைக்கும் மாமி எங்கள் யாரோடும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தபோது, டெங்கு வந்தவன் மாதிரியே மெலிந்திருந்தான் தர்ஷன். அது வசதியாகப் போயிற்று. பக்கத்துக் காம்பராக்காரர் பப்பாசி இலைச் சாற்றை ஒரு கிளாஸ் நிறையக் கொண்டு வந்து, குடித்து முடிக்கும் வரை நின்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் மாமியைப் பார்த்தேன். மாமி கூரையைப் பார்த்தார். குடித்தான்.

எல்லா உண்மையையும் ஒரே வாரத்தில் சொல்லிவிட முடியாது.

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பத்து நாளாக யோசித்தேன். தர்ஷனின் பெயர் கெட்டுவிடாதா? எழுதாவிட்டால், இன்னொரு வீட்டில் இன்னொரு அண்ணி போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க மாட்டாளா? கடைசியில் அவனிடமே கேட்டேன். என் பழைய போனைக் கழற்றிப் போட்டுத் திருத்திக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"பேர வேணும்னா மாத்திப் போடுங்க அண்ணி. வயச மாத்திறாதீங்க."