மானிட்டரில் மயில் வராத மதியம்

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன் நமச்சிவாயம் பனியனைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பிறகு ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் பத்து எண்ணுவார். தெருவில் போகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேண்டுதல் இல்லை, விஞ்ஞானம். "நம்ம உடம்புல கரண்டு இருக்குதுபா. ஸ்டாட்டிக்கு. அத்தோட தொட்டா உள்ள இருக்கிறது பொட்டுனு பூடும்" என்பார். இதுவரை அவர் கைபட்டுப் போனவை ஒரு கீபோர்டும் இரண்டு ஸ்பீக்கர்களும்தான். அவையும் வயதாகித்தான் போயின என்பது அவர் தரப்பு.

பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தறிச் சத்தம் கேட்கும். நமச்சிவாயம் வீட்டில் தறி இல்லை. தறிக்கு வேலை சொல்லுகிற கம்ப்யூட்டர் இருக்கிறது. சேலையின் கரையிலும் முந்தியிலும் எந்த இழை மேலே வரவேண்டும், எது கீழே போகவேண்டும் என்று திரையில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது அவர் தொழில். அந்தக் கட்டத்தைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டை தறியின் தலைமேல் ஏறும். கீழே பட்டில் மயில் பிறக்கும். இந்த ஐம்பத்து மூன்று வயதுக்குள் எத்தனை மயில் வரைந்திருப்பீர்கள் என்று கேட்டால், "மயில யாருபா எண்ணுவாங்க? நான் இறகத்தான் எண்ணுவேன்" என்று பதில் வரும்.

அவருக்கு இரண்டு கண்ணாடிகள். ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில். யாராவது செல்போனில் ஒரு சேலைப் படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றால், நெற்றியில் இருப்பதை மூக்குக்கும் மூக்கில் இருப்பதை நெற்றிக்கும் மாற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். பிறகு போனைத் திருப்பிக் கொடுப்பார். "இது போட்டோ. இதுல நூல் எங்க இருக்குது?"

கம்ப்யூட்டர் வைத்தியத்தை அவர் யாரிடமும் படிக்கவில்லை. யூடியூபில் இந்திக்காரர்கள் பெட்டியைப் பிரித்து மாட்டும் காட்சிகளைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார். இந்தி தெரியாதே என்று கேட்டவர்களுக்கு, "அவன் இந்தியில பேசிட்டுப் போறான். ஸ்க்ரூ என்னா இந்தியிலயா கழலுது?" என்று சொல்லி வாயடைத்திருக்கிறார். கழற்றிய ஸ்க்ரூக்களை இட்லித் தட்டின் குழிகளில் வகை பிரித்துப் போடுவது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் தங்கை வீட்டுக்காரர் கடித்த இட்லியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதன்பிறகு அவர் மனைவி காவேரி பழைய தட்டு ஒன்றை அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மெக்கானிக் என்ற இனத்தையே அவர் வீட்டுப் படியேற விடுவதில்லை. ராஜவீதிப் பக்கம் கடை வைத்திருக்கும் கந்தனை ஒருமுறை கூப்பிட்டார்கள். கந்தன் பெட்டியைத் திறந்தான், பார்த்தான், சிரித்தான். "அண்ணே, இத்த எதுக்கு ரிப்பேர் பண்ணிக்கினு? மியூசியத்துல கேட்டா வாங்கிக்குவாங்க" என்றான். அன்றோடு சரி. ஆறு வருடமாகிறது. கந்தன் எதிரே வந்தால் நமச்சிவாயம் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிடுவார்.

ஆனால் கந்தன் சொன்னதில் அணுவளவு உண்மை இருந்தது. பெட்டிக்கு ஞாபகசக்தி குறைவு. இந்தத் தடவை வரைந்தது சாதாரண மயில் அல்ல. தோகையை முந்தி முழுக்க விரித்த மயில். சேவ் கொடுத்துவிட்டு எழுந்துபோய், கச்சபேசுவரர் கோயிலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால்தான் முடிந்திருக்கும். பக்தி வளர்ந்தது, வேலை வளரவில்லை. ஆகவே கூடுதலாக ஒரு ரேம் வரவழைத்தார். அரைச் சாண் நீளத்தில் பச்சைப் பட்டை, ஓரத்தில் வரிசையாகத் தங்கப் பற்கள்.

அது போன புதன்கிழமை வந்தது. அன்றைக்கே மாட்டியாக வேண்டிய அவசரமும் இருந்தது. மயில் ஓரிக்கை குப்புசாமியின் தறிக்கு. அவர் தறியில் பாவு நூலை ஏற்றிவிட்டு, அட்டை வராமல் திங்கட்கிழமையிலிருந்து தறிமுன் சும்மா உட்கார்ந்திருந்தார். அட்டை குத்துகிற முனுசாமியோ மறுநாள் விடிந்ததும் மகள் வீட்டு விசேஷத்துக்கு ஆரணி போகிறார். திரும்ப எட்டு நாளாகும். எனவே புதன் நான்கு மணிக்குக் குப்புசாமி பென்டிரைவோடு வந்து மயிலை வாங்கிப் போவதாக ஏற்பாடு. தப்பினால் எட்டு நாளைக்குத் தறி ஓடாது. நாற்பது நாள் உழைத்து வரைந்த அந்த மயிலுக்கு வேறு எங்கும் நகல் கிடையாது. நகல் எடுப்பதை நமச்சிவாயம் வெள்ளிக்கிழமைகளுக்கு ஒதுக்கியிருந்தார். எந்த வெள்ளி என்றுதான் முடிவாகவில்லை.

புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. அது தீரும்வரை காத்திருந்து பெட்டியைத் திறந்தார். பனியன், ஜன்னல் கம்பி, பத்து எண்ணல் எல்லாம் முறைப்படி நடந்தேறின. நெசவு வீட்டில் பிறந்தவர் அல்லவா? புது நாடாவோ புது அச்சோ, மஞ்சளும் சந்தனமும் படாமல் தறியில் ஏறிப் பார்த்ததில்லை. ரேமுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? பொட்டு வைக்கத் தோதான இடம் தேடினார். கறுப்புச் சில்லுகளின் மேல் வாரண்டி ஸ்டிக்கர். அதை மறைத்தால் வாரண்டி போய்விடும். நடுவில் பொடி எழுத்து; எழுத்து என்றால் சரஸ்வதி, அதன்மேல் கை வைக்கக் கூடாது. ஓரத்தில் தங்கம் பளபளத்தது. மஞ்சளுக்குத் தங்கத்தைவிடப் பொருத்தமான இடம் உண்டா? மோதிர விரலால் குழைத்து மூன்று பொட்டு வைத்தார், பின்பக்கமும் மூன்று. பிறகு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, உள்ளேயிருந்த பழைய ரேமையும் கழற்றி அதற்கும் அதே மரியாதையைச் செய்தார்.

"புது மருமகளுக்கு மட்டும் பூ வெச்சா பழைய மருமக சும்மா இருப்பாளா?" என்று காவேரியைப் பார்த்துச் சொன்னார். காவேரி எதிரே உட்கார்ந்து ஒரு சேலைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தார். முந்தி நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போடுகிற வேலை. தலை நிமிரவில்லை.

சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுழன்றது. பெட்டி மூன்று முறை 'பீப்' என்றது. திரையில் ஒன்றுமில்லை.

"வருது, வருது" என்றார் நமச்சிவாயம். வரவில்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் செய்யாத பரிகாரம் இல்லை. கேபிளைப் பிடுங்கி ஊதி மாட்டினார். மானிட்டரைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். குற்றம் மானிட்டரிடமா என்று அறிய, காவேரி பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் மாமியார் விஷம் கலக்கும் நேரத்தில் டிவியின் பின்னால் கேபிளைச் செருகினார். டிவியும் கறுத்தது.

"டிவிக்கும் ஒண்ணும் தெரியலையாம்" என்றார், ஏதோ சாட்சி கிடைத்த மாதிரி.

"குடிச்சாளா இல்லயானு எனக்கும் தெரியல" என்றார் காவேரி.

புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் போட்டார், மூன்று பீப். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் போட்டார், மூன்று பீப். இடம் மாற்றிப் போட்டார். பெட்டி தன் கொள்கையில் உறுதியாக இருந்தது. இரண்டையும் கழற்றிச் செய்தித்தாளில் போட்டுவிட்டு நமச்சிவாயம் தரையில் உட்கார்ந்தார். நேற்றுவரை ஓடிய பழசும் இன்று ஓடவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"போர்டே பூட்டுது காவேரி." குரல் இறங்கிவிட்டது. "மயிலு உள்ள மாட்டிக்கிச்சு."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. குப்புசாமி. "அண்ணே, கிளம்பிட்டேன். முனுசாமி அண்ணன் ஆறு மணிக்குள்ள வந்துடுனு சொல்லிட்டாரு. ரெடியா இருக்குது இல்ல?"

"வா, வாபா. எல்லாம் ரெடி" என்றார் நமச்சிவாயம். வைத்துவிட்டு, வியர்வையைத் துடைக்கப் பார்த்தார். பனியன் இல்லாததால் துடைக்க எதுவும் இல்லை, கையாலேயே துடைத்தார். நெற்றியில் மஞ்சள் ஒரு கோடு இழுத்தது.

"கந்தனைக் கூப்புடவா?" என்றார் காவேரி.

நமச்சிவாயம் எழுந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை எண்ணவில்லை. வெளியே பார்த்தபடியே சொன்னார். "கூப்புடு. எட்டு நாளு தறி நிக்கிறதுக்குப் பதிலா அவன் சிரிப்ப நான் வாங்கிக்கிறேன்."

ஆறு வருட வைராக்கியம் அவ்வளவு சுலபமாகக் கீழே வைக்கப்பட்டதைக் கண்டு காவேரிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. குஞ்சத்தை ஒதுக்கிவிட்டு, போனை எடுக்க எழுந்தார். வழியில், செய்தித்தாளின்மேல் பழையதும் புதியதுமாகக் கிடந்த இரண்டு ரேம்களைக் கண்டு குனிந்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாங்க, இந்தப் பல்லுதான உள்ள போயி ஒட்டணும்?"

"ஆமா."

"அதுமேலயா மஞ்சளப் பூசினீங்க?"

"பொட்டும்மா. பூசல."

"எண்ணெ கையோட முடிச்சு போட்டா என் குஞ்சம் நிக்குமா? நடுவுல இத்தினி மஞ்சளு இருந்தா கரண்டு எந்த வழியா போவும்? போன ஆயுதபூஜைக்கு ரிமோட்டுல பேட்டரி வெக்கிற எடத்துல சந்தனம் வெச்சீங்க. பொங்கல் வரைக்கும் எழுந்துபோயி சேனல் மாத்தினேன்."

விஞ்ஞானமும் சாஸ்திரமும் ஒரே விரலில் மோதிக்கொண்டதை நமச்சிவாயம் அப்போதுதான் கவனித்தார். மேசை டிராயரிலிருந்து ரப்பர் ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினார். காவேரி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து தங்கப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். "மெதுவா, மெதுவா" என்று நமச்சிவாயம் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். காய்ந்த மஞ்சள் பொடிப்பொடியாகச் செய்தித்தாளில் உதிர்ந்தது. ரேம் உட்காரும் பள்ளத்தைப் புது டூத் பிரஷ் ஒன்றால் தட்டித் துடைத்தார்கள். இரண்டையும் மாட்டி, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினார் நமச்சிவாயம்.

சுவிட்ச்.

ஒரே ஒரு பீப். திரை வெளுத்தது. நீலமானது. பிறகு, கச்சபேசுவரர் கோயில்வரை போய்வர நேரமே கொடுக்காமல், தோகை முழுக்க விரித்தபடி மயில் வந்து நின்றது. நமச்சிவாயம் நெற்றிக் கண்ணாடியை இறக்கி இடக்கோடி இறகிலிருந்து வலக்கோடிவரை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. பனியனை எடுத்து மாட்டிக்கொண்டார். பின்பக்கம் முன்பக்கமாக இருந்தது, யாரும் சொல்லவில்லை.

நான்கு மணிக்குக் குப்புசாமி செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் விரிந்தது. "அடேங்கப்பா, தோகையைப் பாரேன்! இன்னாண்ணே, போன்ல குரலு ஒரு மாதிரி இருந்துச்சே. எதுனா பிரச்சனையா?"

"பிரச்சனையா? ஒண்ணும் இல்லபா. புது ரேம் இல்லியா, பழசோட செட் ஆவ கொஞ்சம் டைம் எடுத்துக்குது. கம்பெனிக்காரன் அப்படித்தான் பண்ணி அனுப்புறான்."

காவேரி குஞ்சத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கொஞ்சம் பலமாகவே.

குப்புசாமி பென்டிரைவை நீட்டினார். நமச்சிவாயம் வலது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். மோதிர விரல் நுனியில் மஞ்சள் சோப்புக்கும் போகாமல் பளிச்சென்றிருந்தது. இடது கையால் பென்டிரைவை வாங்கினார். இடது கையாலேயே செருகினார். பிறகு மவுஸை வலப்பக்கத்திலிருந்து கீபோர்டைத் தாண்டி இடப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். திரையில் அம்புக்குறி மயிலின் கொண்டையில் மோதி, வால்வரை வழிதவறிப்போய், திரும்பி வந்தது.

"இன்னாண்ணே, இடது கையில?"

"ரெண்டு கையும் பழகி வெச்சுக்கணும்பா" என்றார் நமச்சிவாயம், தொடையை இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்து.