விட்டுப்போன இரண்டு வரிகள்

முப்பத்தெட்டு வயதில் அஞ்சல் வழியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். "தமிழ் எடுத்தா படுத்துக்கிட்டே பாஸ் பண்ணலாமே" என்று சொல்லாத ஆள் ஆனையூரில் எங்கள் தெருவில் இல்லை. பிளஸ் டூவில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் கணக்கு. அதை முடித்த கையோடு கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்ற வீம்பு மட்டும் இருபது வருடமாக அப்படியே இருந்தது.

வீம்பு இருந்ததே தவிர மார்க் வரவில்லை. பகுப்பாய்வு என்று ஒரு தாள். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் ஊற்றிக்கொண்டது. மூன்றாம் முறையும் போனால் மூட்டை கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வயதாகிவிட்டது, இனி மண்டையில் ஏறாது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிம்மக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு. கூடப் படித்த நாற்பது பேரில் பாதிப்பேர் பதவி உயர்வுக்காகப் படிக்கும் பள்ளி ஆசிரியர்கள். பாடம் நடத்தியவருக்கு முப்பது வயதுகூட இராது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தேற்றங்களை நோட்ஸாக எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். எல்லோரும் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்வார்கள்.

எனக்கு ஒரு தேற்றம் மட்டும் மனப்பாடமே ஆகவில்லை. நடுவில், 'இப்போது இருபுறமும் இந்த வித்தியாசத்தால் வகுக்க' என்று ஒரு வரி. அந்த வித்தியாசம் பூஜ்யமாக இருந்துவிட்டால்? பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்திலேயே தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூன்று மாதம் அந்த வரியில் வந்து வந்து முட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ஞாயிறு எழுந்து கேட்டேவிட்டேன்.

"அது பூஜ்யமா வராதுக்கா, எழுதிக்கங்க."

"ஏன் சார் வராது?"

"வராதுக்கா."

பின் பெஞ்சிலிருந்து ஒரு ஆசிரியர், "அக்கா, பூஜ்யத்த விடுங்க, பசிக்குது" என்றார். வகுப்பே சிரித்தது. கோபம் வந்தால் எனக்கு வாய் பேசாது, கால்தான் பேசும். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து டவுன் பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, இனிப் போகப் போவதில்லை என்றேன். "சரி விடு, ஒனக்கு எதுக்கு இம்புட்டுச் சிரமம்" என்றார் கணவர். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது; என்னால் முடியாது என்று அவரும் நினைத்திருக்கிறார். புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் ஏற்றினேன்.

அப்போது கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு; வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும். புதன்கிழமை காலை, ஜன்னலுக்கு வெளியே நீண்ட கையில் டோக்கனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், அந்த சார்.

"காய்ச்சலா சார்?" என்றேன் விறைப்பாக.

"நான் வெயிட் பண்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு, இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவர் நம்பரைக் கூப்பிட்டபோது டாக்டர் அறைக்குப் போகாமல் என் ஜன்னலுக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"நீங்க கேட்டது சரிக்கா. நோட்ஸ்ல ரெண்டு வரி விட்டுப்போச்சு. நான் படிச்ச நோட்ஸ்லயே இல்ல, நானும் நாலு வருசமா அப்படியே நடத்திட்டேன். ஞாயித்துக்கெழமை சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க வரமாட்டீகளோன்னு தோணுச்சு. அதான் வந்தேன்."

அங்கேயே படித்தேன். அந்த வித்தியாசம் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், தேற்றத்தின் தொடக்கத்தில் போட்டிருக்கும் நிபந்தனையே உடைந்துபோகும். ஆகவே பூஜ்யமாக இருக்க முடியாது. அவ்வளவுதான். படித்த மாத்திரத்தில் புரிந்தது. மூன்று மாதமாக என் மண்டையில் ஏறாத விஷயம், தாளிலேயே இல்லாத விஷயம். அடக்கமாட்டாமல் அழுகை வந்துவிட்டது.

வரிசையில் நின்ற ஒரு அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன தாயி, அந்தத் தம்பிக்கு அம்புட்டு மோசமாவா இருக்கு?" என்று கேட்டார். அழுதுகொண்டே சிரித்தேன். அன்று சாயங்காலமே பரணில் ஏறினேன்.

ஞாயிறு வகுப்புக்குப் போனேன். அவர் எல்லோரையும் நோட்ஸைத் திறக்கச் சொன்னார். "போன வாரம் அக்கா கேட்டப்ப, வராதுன்னு சொன்னேன்ல. ஏன்னு எனக்குத் தெரியல, அதான் அப்படிச் சொன்னேன்" என்றார், நாற்பது பேர் முன்னால். பசி என்று சொன்ன ஆசிரியரும் தலை குனிந்து அந்த இரண்டு வரியை எழுதிக்கொண்டார்.

அந்த முறை தேறினேன். பிறகு பட்டமும் வாங்கினேன். ஆனால் எனக்குப் பெரிது அதுவல்ல. எனக்குப் புரியாதது எதுவானாலும் அது என் மக்குத்தனம்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையோடேயே செத்தும் போயிருப்பேன். அப்படி இல்லை என்று சொல்ல ஒருவர் என்னைத் தேடி வந்தார். இன்றைக்கும் அவரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.