டேப் வைத்து அளந்த வயிறு

பிள்ளை இல்லை என்று இங்கிலாந்தில் டாக்டரிடம் போனால், முதலில் ஆம்பளையைத்தான் தராசில் ஏற்றுகிறார்கள். ஏற்றியதோடு விட்டார்களா? ஒரு நர்ஸ் தையல்காரி மாதிரி என் வயிற்றைச் சுற்றி டேப் பிடித்தாள். நான் பக்கத்திலிருந்த என் மனைவி மலரைக் காட்டி, "பேஷண்ட் இவதான்" என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "இரண்டு பேரும்தான்" என்றாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஆராய்ச்சிக்கு ஆள் பிடிக்கிறார்களோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம்.

இலங்கையில், எங்கள் மாத்தளையில் ஐந்து வருஷம் மலரை மட்டும்தான் டாக்டர், ஸ்கேன், கோயில் என்று அலைய வைத்தோம். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் விரதம். அவள் உள்ளே போய் வரும்வரை நான் வெளியே என் த்ரீவீல் ஆட்டோவில் உட்கார்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருப்பேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் எலும்பும் தோலுமாகக் கொழுந்து பறித்த அம்மாவுக்கு என் தொப்பை என்றால் பெருமை. "நம்ம வம்சத்துல இவன் ஒருத்தன்தான் சதையோட இருக்கான்" என்பார். மலர் முதியோர் இல்ல வேலைக்கு விசா எடுத்தாள். அவள் வாலைப் பிடித்து நானும் வந்து வேன் ஓட்டுகிறேன். தொப்பையும் கூடவே வந்து இன்னும் வளர்ந்தது. போன மாதம் அம்மா போனில், "தங்கச்சி கல்யாணத்துக்கு நீ மட்டும் வாய்யா. பிள்ளை இல்லாதவ முன்னுக்கு நின்னா நாலு பேரு நாலு சொல்லுவாங்க" என்றார். மலர் அதற்குள் சேலை வாங்கி வைத்திருந்தாள்.

ரிசல்ட் வந்தது. மலருக்கு ஒரு குறையும் இல்லை. என் விந்தணு குறைவு, இருப்பதும் மந்தம். வயிற்றுக் கொழுப்பு ஹார்மோனைக் குழப்புமாம், அந்த இடத்துச் சூட்டையும் கூட்டுமாம். எடை குறைத்தால் சரிவரலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் விந்து கொடுத்த போத்தலை மாற்றிவிட்டார்கள் என்று சண்டை பிடித்து மறுபடி கொடுத்தேன். அதுவும் அப்படியே. அடுத்த சந்தேகம் மலர் மேல். அவள் அதிர்ச்சியே அடையவில்லையே! கொஞ்ச நாளாக என் தட்டில் சோறு குறைந்து கீரை கூடியிருந்ததும் அப்போதுதான் உறைத்தது.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தொப்பையும் காரணமா இருக்கலாம்னு வேலை எடத்துல ஒரு நர்ஸ் சொன்னாங்க. நான் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். வெட்கமாக இருந்தது. அன்றைக்கே அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"அம்மா, கொறை என்கிட்டதான். ரெண்டு தடவ பாத்தாச்சு. மலரும் கல்யாணத்துக்கு வருவா, முன்னுக்குத்தான் நிப்பா."

அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"அதானே பாத்தேன். அவ சொல்லிக்குடுத்தத நீ ஒப்பிக்கிற." பிறகு குரல் உடைந்து அழுதார். "சோறு போடாம என் புள்ள ஒடம்பக் கெடுத்துட்டாளே. நீ தனியா வாய்யா. ஒரு மாசம் நான் ஆக்கிப் போட்டா எல்லாம் சரியாயிரும்."

மலர் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். போனில் அம்மா, எனக்கு என்ன கறி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.